மணல், சேறு, பனி, உப்புக்காற்று: எலெக்ட்ரிக் டர்ட் பைக் எங்கே ஓடும், எங்கே நிற்கும்?

தார் ரோட்டை விட்டு இறங்கி ஓட்டும் எலெக்ட்ரிக் பைக்குகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்களில் அடிக்கடி வரும் ‘யூனிட்’ நம் வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான்: ஆயிரம் வாட், ஒரு மணி நேரம். பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அதில் எத்தனை யூனிட் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 60 வோல்ட், 40 ஆம்பியர்-ஹவர் என்றால் 2.4 யூனிட். இந்த எண் தெரியாமல் கடைக்காரரிடம் கிலோமீட்டர் பேசிப் பயனில்லை.

கேள்வி: எங்கள் பக்கம் முழுக்கத் தேரி மணல். 2.4 யூனிட் பேட்டரி உள்ள இலகு ரக எலெக்ட்ரிக் டர்ட் பைக் வாங்க நினைக்கிறேன். 75 கி.மீ. ஓடும் என்கிறார்கள். தேரியில் எவ்வளவு ஓடும்?
— வாசகர், உடன்குடி

பதில்: 25 கி.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கிடைத்தால் லாபம்.

விளம்பரத்தில் வரும் கிலோமீட்டர், எடை குறைந்த ஒருவர் சமதளத்தில் மெதுவாக, ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்தது. கெட்டியான மண் பாதையில் நிதானமாகப் போனால் இந்த வகை பைக்குக்குக் கிலோமீட்டருக்கு 30 முதல் 40 வாட்-ஹவர் செலவாகும். இளகிய மணலில் சக்கரம் தான் தோண்டிய குழியிலிருந்து தானே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். த்ராட்டிலை விட்டால் வண்டி உருளாது, அங்கேயே நிற்கும். செலவு 80-க்கு வந்துவிடும், மேடு பள்ளம் இருந்தால் 100-ஐத் தாண்டும். கடைசிப் பதினைந்து சதவீதத்தை இருப்பாக விட்டால் கையில் இருப்பது 2 யூனிட். 2000-ஐ 80-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஆகவே வீட்டிலிருந்து 10 கி.மீ.க்கு மேல் மணலுக்குள் போகாதீர்கள். திரும்பி வரும்போது மோட்டார் சூடாக இருக்கும், நீங்களும் களைத்திருப்பீர்கள்.

முதலில் டயர் காற்றைக் குறையுங்கள். தார் ரோட்டுக்கு 18 பிஎஸ்ஐ வைத்திருந்தால் மணலுக்கு 10–12 போதும். ஆனால் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போடாமல் குறைக்கக் கூடாது. எலெக்ட்ரிக் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவிசையையும் கொடுக்கும். காற்று குறைந்த டயர் ரிம்மின் மேல் வழுக்கி, டியூபையும் சேர்த்து இழுத்து, வால்வை அடியோடு அறுத்துவிடும். பஞ்சர் ஒட்டி அதைச் சரிசெய்ய முடியாது, டியூபையே மாற்ற வேண்டும். பின் சக்கரத்துக்கு ஒரு ரிம் லாக் அவசியம்.

அடுத்தது சூடு. மோட்டாரிலும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலும் உண்டாகும் சூடு, கரண்ட் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். மணலில் வேகம் குறைவு, கரண்ட் அதிகம், காற்றோட்டமும் இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில் வருவதால்தான் தேரியில் பேட்டரி தீர்வதற்கு முன்பே ‘பவர் குறைகிறது’ என்ற புகார் வருகிறது. இதற்கு நல்ல மருந்து பின் ஸ்ப்ராக்கெட்டை மாற்றுவது. 48 பல் இருக்கும் இடத்தில் 54 பல் போட்டால் உச்ச வேகம் ஒன்பதில் ஒரு பங்கு குறையும். அதே இழுவைக்குத் தேவைப்படும் கரண்டும் அவ்வளவு குறையும், சூடு ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். செயினில் 2 முதல் 4 கண்ணி கூட்ட வேண்டியிருக்கும், முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சக்கரம் புதைந்தால் த்ராட்டிலைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். இறங்கி, பின் சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை ஒதுக்கி, வண்டியின் பக்கத்தில் நடந்தபடி மெல்லத் திருகி வெளியே கொண்டுவாருங்கள். சூட்டால் பவர் குறைந்தால் நிழலில் 15 நிமிடம் நிறுத்துங்கள். சூடாக இருக்கும் கன்ட்ரோலர் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். செயினுக்குப் பிசுபிசுப்பான எண்ணெயும் வேண்டாம். தேரியின் நுண்ணிய செம்மணல் எண்ணெயோடு சேர்ந்தால் ஸ்ப்ராக்கெட் பல்லை அரைத்துவிடும். காய்ந்து படியும் மெழுகு வகை லூப்ரிகன்ட் பயன்படுத்துங்கள்.

தேரியில் காப்புக்காடாக உள்ள பகுதிக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம். பட்டா நிலத்துப் பனங்காடு, முந்திரித் தோப்பு என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் வண்டிக்கு லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாமாமே?
— வாசகர், திருப்பூர்

பதில்: மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் 25 கி.மீ.க்கு உள்ளாகவும் இருந்து, அதற்கான ஒப்புதலும் பெற்ற வண்டிக்குத்தான் அந்த விலக்கு. டர்ட் பைக்குகளின் மோட்டார் ஆயிரக்கணக்கான வாட். அவற்றுக்குப் பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். சர்-ரான், டலாரியா போன்ற, விளக்கும் இண்டிகேட்டரும் இல்லாமல் வரும் இறக்குமதி வகைகளை இங்கே பதிவு செய்ய வழியில்லை. அவற்றை வேனில் ஏற்றித்தான் ஓட்டும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தெருமுனைக் கடை வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை பொதுச் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

சாலையிலும் மண்ணிலும் ஓட்ட ஒரே வண்டி வேண்டும் என்பவர்கள் பச்சை நம்பர் பிளேட் கிடைக்கும் மாடலைத் தேடுங்கள். பெங்களூருவின் அல்ட்ராவயலெட் நிறுவனம் 2025 மார்ச்சில் அறிமுகப்படுத்திய ஷாக்வேவ் அந்த வகை: 4 யூனிட் பேட்டரி, 120 கிலோ எடை.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. தினமும் தோட்டப் பாதைகளில் 25 கி.மீ. சுற்ற வேண்டும். ஜூனில் பிடிக்கும் மழை மாதக்கணக்கில் விடாது. எலெக்ட்ரிக் பைக் தாங்குமா?
— வாசகர், வால்பாறை

பதில்: இந்த முறை வந்த கேள்விகளில் எலெக்ட்ரிக் பைக்குக்கு மிகவும் பொருந்துவது உங்கள் வேலைதான். தூரம் தினமும் ஒன்றே, வேகம் குறைவு, இரவில் வண்டி நிற்பது பிளக் பாயின்ட் உள்ள இடத்தில்.

கணக்கைப் பாருங்கள். ஈரமான தோட்டப் பாதையில் கி.மீ.க்கு 45 வாட்-ஹவர் என்றால் 25 கி.மீ.க்கு 1.1 யூனிட். நீங்களும் வண்டியும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்தால், 100 மீட்டர் உயரம் ஏற பேட்டரியிலிருந்து 50 வாட்-ஹவர் போகும். நாள் முழுக்க ஏறும் மேடுகளைக் கூட்டி 600 மீட்டர் என்றால் 300 வாட்-ஹவர். மொத்தம் 1.4 யூனிட். 2.4 யூனிட் பேட்டரியில் மாலையிலும் ஒரு யூனிட் மிச்சம் இருக்கும்.

இனி தண்ணீர். மோட்டாரிலும் பேட்டரியிலும் ஐபி67 என்று போட்டிருக்கும். அசையாத தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்தாலும் உள்ளே நீர் புகாது என்பதுதான் அதற்குப் பொருள், அதுவும் சீல் புதிதாக இருக்கும் வரை. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னை வைத்து ஸ்டியரிங் பேரிங், டிஸ்ப்ளே, கனெக்டர்கள் மேல் அடிக்க விடாதீர்கள். மழையில் ஓட்டிக் கெடும் வண்டிகளைவிடக் கழுவிக் கெடும் வண்டிகள் அதிகம். சாதாரண ஹோஸ் பைப்பும் பிரஷும் போதும்.

ஓடையைத் தாண்டும்போது கவனிக்க வேண்டியது ஆழத்தை மட்டும் அல்ல. மேடேறிச் சூடான மோட்டாரைக் குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்த இழுப்பில் ஷாஃப்ட் சீல் வழியாகவும் கேபிள் நுழையும் ரப்பர் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். கரையில் ஐந்து நிமிடம் நின்று பிறகு இறங்குங்கள். தண்ணீர் சக்கர அச்சுக்கு மேல் இருந்தால் இறங்க வேண்டாம். மாதம் ஒருமுறை கனெக்டர்களைக் கழற்றி, துடைத்து, மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். சார்ஜிங் போர்ட்டை உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே செருகுங்கள். சார்ஜர் பெட்டி மழைக்கு ஏற்றதல்ல, சுவரில் இடுப்பு உயரத்தில் மாட்டி வையுங்கள். அந்த இணைப்பில், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தே ஆக வேண்டும்.

ஈரச் செம்மண் இறக்கத்தில் ரீஜென் பிரேக்கை (மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அதில் வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்புவது) மிகக் குறைவாக வையுங்கள். அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அதிகமாக வைத்தால் த்ராட்டிலை விட்ட உடனே பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கும். ரீஜெனைக் குறைத்தால் பிரேக் பேடு சீக்கிரம் தேயும், சேறு அதை இன்னும் அரைக்கும். உலோகத் தூளை இறுக்கிச் செய்த சின்டர்டு வகை பேடு போட்டு, வாரம் ஒருமுறை கனத்தைப் பாருங்கள். 1.5 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக யானை. பெட்ரோல் வண்டியின் சத்தம் கேட்டு அது ஒதுங்க நேரம் கிடைக்கும். சத்தமில்லாத வண்டியில் வளைவைத் திரும்பினால் பத்தடியில் எதிரே நிற்கும். விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் இந்த வண்டியில் தனியாகச் சுற்றாதீர்கள். பகலிலும் பார்வை மறைக்கும் வளைவுகளில் நடை வேகத்தில் திரும்புங்கள்.

கேள்வி: பாறையும் படிப்படியான மேடும் உள்ள சொந்த நிலத்தில் பழகுகிறேன். பெட்ரோல் வண்டியில் கிளட்ச்சை விட்டுப் பிடித்து முன் சக்கரத்தைத் தூக்குவேன். எலெக்ட்ரிக்கில் கிளட்ச் இல்லாமல் எப்படி?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: வண்டி ஆஃப் ஆகாது என்பது பாறையில் பெரிய வசதி. நின்ற இடத்திலிருந்து மில்லி மீட்டர் கணக்கில் நகர்த்தலாம். ஆனால் பெட்ரோல் எஞ்சினில் சுழலும் ஃபிளைவீல் சேர்த்து வைத்திருக்கும் வேகத்தைக் கிளட்ச் ஒரே நொடியில் கொட்டுமே, அது இங்கே கிடையாது. முன் சக்கரத்தைத் தூக்க, முதலில் ஃபோர்க்கை அழுத்தி, அது எழும்பும் அதே கணத்தில் த்ராட்டிலைத் திருகப் பழக வேண்டும். த்ராட்டில் மேப்பை (எவ்வளவு திருகினால் எவ்வளவு இழுவை என்ற அமைப்பை) மென்மையானதில் வைத்தே பழகுங்கள். போட்டி அளவுக்குப் போகிறவர்களுக்காக, பிரான்சின் எலெக்ட்ரிக் மோஷன் நிறுவனம் பாறை, மேடு போன்ற தடைகளைத் தாண்டும் போட்டிக்கான தன் ட்ரையல் பைக்குகள் சிலவற்றில் கிளட்ச்சே வைத்திருக்கிறது.

நீங்கள் தவிர்க்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. பாறை இடுக்கில் சக்கரம் மாட்டிச் சுழலாமல் நிற்கும்போது த்ராட்டிலைப் பிடித்துக்கொண்டே இருப்பது. மோட்டார் சுழன்றால் கரண்ட் மூன்று ஃபேஸுக்கும் மாறி மாறிப் போகும். சுழலாமல் நின்றால் ஒரே ஃபேஸ் வழியாக முழுக் கரண்டும் பாய்ந்து, கன்ட்ரோலருக்குள் அந்த ஃபேஸுக்கான மின்சுவிட்சுகளான மாஸ்ஃபெட்டுகள் மட்டும் சில நொடிகளில் கொதிக்கும். கன்ட்ரோலர் எரிந்துபோக இது முக்கியமான காரணம். இரண்டு நொடி திருகியும் ஏறவில்லை என்றால் விட்டுவிட்டுப் பின்னால் வந்து மறுபடி முயலுங்கள்.

பேட்டரிக்குக் கீழே 4 மி.மீ. அலுமினியத் தகடாவது இருக்க வேண்டும். காற்று 13–15 பிஎஸ்ஐ. அதற்குக் கீழே போனால் பாறை விளிம்பில் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். பின் பிரேக்கை இடது கைக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள வண்டியாக எடுத்தால், செங்குத்தான இறக்கத்தில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு பிரேக் பிடிக்கலாம். காலியாகக் கிடக்கும் கிளட்ச் கைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

கேள்வி: நண்பர்கள் மணாலி–லே பயணம் போகிறார்கள். காற்று குறைந்த உயரத்தில் எலெக்ட்ரிக் பைக்தான் பெட்ரோலைவிட நன்றாக இழுக்கும் என்று படித்தேன். 4 யூனிட் பைக்கில் நானும் சேர்ந்துகொள்ளலாமா?
— வாசகர், சென்னை

பதில்: படித்தது சரிதான். ஆனாலும் மணாலி–லே சாலைக்கு இந்தப் பைக்கை எடுத்துப் போகாதீர்கள்.

5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். பெட்ரோல் எஞ்சினின் சக்தியும் அந்த அளவுக்கு விழும். மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, முழு இழுவை கிடைக்கும். லேயிலிருந்து கணவாய்க்குச் சுமார் 40 கி.மீ., ஏற்றம் ஏறத்தாழ 1,850 மீட்டர். 120 கிலோ வண்டி, நீங்கள், உடை, பை எல்லாம் சேர்த்து 210 கிலோ என்றால் ஏற்றத்துக்கு மட்டும் பேட்டரியிலிருந்து 1.25 யூனிட். பாதையின் உராய்வுக்கும் காற்றுக்கும் கி.மீ.க்கு 35 வாட்-ஹவர் வீதம் 1.4 யூனிட். மொத்தம் 2.65. குளிரால் 4 யூனிட் பேட்டரி 3.2 ஆகச் சுருங்கினாலும் மேலே போய்விடலாம். இறங்க அநேகமாக எதுவும் செலவாகாது. லேயில் தங்கி, பகலில் ஒரு கணவாய்க்குப் போய், இரவில் விடுதியில் சார்ஜ் போடுவது நடக்கக்கூடிய காரியம். ராயல் என்ஃபீல்டு தன் எலெக்ட்ரிக் ஹிமாலயன் சோதனை வண்டியை 2023-இல் மிலான் கண்காட்சியில் வைத்தது. இந்த உயரத்துக்கு எலெக்ட்ரிக் பைக் பொருந்தும் என்று நினைப்பவர்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

மணாலிச் சாலை வேறு. ‘அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ.’ என்று வழியில் வரும் தண்டி என்ற ஊரில் வைத்த பலகை அந்தப் பாதையில் போனவர்களுக்கெல்லாம் தெரியும். பெட்ரோல்காரர் கேனில் ஐந்து லிட்டர் கட்டிக்கொண்டு போவார். நீங்கள் எதைக் கட்டிக்கொண்டு போவீர்கள்? வழியில் இருக்கும் கூடாரத் தங்குமிடங்களின் ஜெனரேட்டரும் சோலாரும் விளக்கு எரிக்கவும் போன் சார்ஜ் போடவும்தான். இன்னொரு பேட்டரியை விமானத்தில் லேக்கு அனுப்பவும் முடியாது. பயணிகள் விமானத்தில் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு உச்ச வரம்பு 160 வாட்-ஹவர். உங்களுடையது 4,000.

லேயில் ஓட்டுவதானால் குளிர் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். லித்தியம் செல்லின் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். அதனால் பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் சார்ஜைத் தடுத்துவிடும். இரவில் பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அறைக்குள் கொண்டுவாருங்கள். கழற்ற முடியாது என்றால், ஓட்டி வந்த உடனே, செல் இன்னும் சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடுங்கள். விடியும் வரை காத்திருக்க வேண்டாம். ரீஜெனும் ஒரு சார்ஜ்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரி உறைநிலைக்கு இறங்கியிருந்தால் ரீஜென் வேலை செய்யாது. நேற்று இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்திய அதே ரீஜென் இன்று காலை கிடைக்காமல் போகலாம். பிரேக்கை நம்பியே வளைவில் இறங்குங்கள். மலை உச்சியில் முழு சார்ஜோடு கிளம்பினாலும் இதேதான்: நிரம்பிய பேட்டரி ரீஜெனை ஏற்றுக்கொள்ளாது.

கேள்வி: இங்கே பெட்ரோல் 450 சிசி வண்டியில் லிவா பாலைவனப் பக்கம் மணல்மேடு ஏறுகிறோம். எலெக்ட்ரிக் மோட்டோகிராஸ் பைக்குக்கு மாறலாமா?
— வாசகர், அபுதாபி

பதில்: மூடிய டிராக்கில் ஓட்ட மாறலாம். மணல்மேட்டுப் பயணத்துக்கு வேண்டாம்.

எட்டு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் 70 யூனிட்டுக்குச் சற்று மேல். எஞ்சின் அதில் முக்கால் பங்குக்கு மேல் சூடாக வீணடித்தாலும் 15 யூனிட் போலச் சக்கரத்துக்கு வரும். எலெக்ட்ரிக் மோட்டோகிராஸ் பைக்கில் இருப்பது 6 அல்லது 7 யூனிட். மேடு மேடாக ஏறிக்கொண்டே இருந்தால் சராசரி 12 முதல் 15 கிலோவாட் இழுக்கும், அரை மணி நேரத்தை ஒட்டி பேட்டரி தீரும். நடுவில் நின்றால் ஜீப்பில் கேன் கொண்டுவந்து காப்பாற்ற முடியாது. 110 கிலோவுக்கு மேல் உள்ள வண்டியை இளமணலில் தள்ளிப் பாருங்கள், ஐம்பது அடி தாண்டாது.

கோடையில் இன்னொரு சிக்கல். பெரும்பாலான செல்களுக்கு ஓட்டும்போது 60 டிகிரி, சார்ஜ் ஏற்றும்போது 45 டிகிரி உச்ச வரம்பு. வெளியே காற்றே 45 டிகிரி என்றால் ஓட்டி முடித்த பேட்டரி ஆற வழியில்லை, சார்ஜும் ஏறாது. மூடிய வேனுக்குள் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். நவம்பர் முதல் மார்ச் வரை, விடியற்காலையில், முகாமைச் சுற்றி ஐந்து கி.மீ. வட்டத்துக்குள் ஓட்டுவதானால் நன்றாகவே இருக்கும். அப்போதும் மூன்று மீட்டர் கம்பில் ஆரஞ்சுக் கொடி கட்டுங்கள். மேட்டின் மறுபக்கத்திலிருந்து வரும் பக்கி (மணலில் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஓட்டுநருக்கு உங்கள் வண்டிச் சத்தம் கேட்காது.

கேள்வி: கடற்கரை மணலில் ஓட்டும்போது அலை வந்து வண்டி பாதி நனைந்துவிட்டது. கழுவிவிட்டு ஓட்டலாமா?
— வாசகர், ராமநாதபுரம்

பதில்: தெறித்து நனைந்ததா, மூழ்கியதா என்பதைப் பொறுத்தது. தெறித்திருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால், அழுத்தம் இல்லாமல், கால் மணி நேரம் கழுவுங்கள். பிறகு கனெக்டர்களைத் திறந்து பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்த்தி, கிரீஸ் தடவுங்கள். ஸ்போக் நிப்பிள், செயின், டிஸ்க் போல்ட் மூன்றும்தான் முதலில் துருப்பிடிக்கும்.

பேட்டரிப் பெட்டி கடல்நீரில் மூழ்கியிருந்தால் சுவிட்சைப் போடாதீர்கள், சார்ஜரைச் செருகாதீர்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உள்ளே புகுந்திருந்தால் மெல்ல அரித்து, சில நாள் கழித்துக்கூட ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். வீட்டிலிருந்து 15 மீட்டராவது தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தி, பேட்டரியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரை அங்கேயே வரவழையுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரைகளில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடும் காலம். அலைக்கு மேலே உள்ள காய்ந்த மணலில்தான் குழிகள் இருக்கும். அந்த மாதங்களில் கரையில் வண்டியை இறக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: பயிற்சி டிராக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்து 6 யூனிட் பைக்கை சார்ஜ் செய்யலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: செய்யலாம், ஆனால் லாபமில்லை. சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் லிட்டருக்கு 2 யூனிட் போலத்தான் கொடுக்கும். ஒரு முழு சார்ஜுக்கு மூன்று லிட்டருக்கு மேல் ஆகும். அந்தப் பெட்ரோலைப் பெட்ரோல் பைக்கிலேயே ஊற்றி ஓட்டியிருக்கலாம், ஜெனரேட்டரால் சத்தமும் குறையவில்லை. 3.3 கிலோவாட் சார்ஜருக்கு 5 கேவிஏ இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் வேலையே செய்யாது.

பக்கத்துத் தோட்டத்தில் மின் இணைப்பு இருந்தால், உரிமையாளரிடம் பேசி ஒரு 15 ஆம்பியர் பிளக் வாங்குவது நல்ல வழி. இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். கம்பி 2.5 சதுர மி.மீ. செம்பு, மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு மேல் இழுத்தால் 4 சதுர மி.மீ. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு மணி நேரம் 15 ஆம்பியர் இழுத்தால் பிளக் உருகும். பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச விவசாய இணைப்பில் மட்டும் போடாதீர்கள், தோட்டக்காரர்தான் மாட்டிக்கொள்வார்.

கேள்வி: மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓட்டமாட்டேன். பேட்டரியை முழுதாக ஏற்றி வைக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். பாதி சார்ஜில் வையுங்கள். 16 செல் வரிசை உள்ள 60 வோல்ட் பேட்டரியில் மீட்டர் 60 முதல் 61 வோல்ட் காட்ட வேண்டும். வண்டியிலிருந்து கனெக்டரைக் கழற்றி, ஈரம் இல்லாத தரையில், சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை பார்த்து, 57 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் அரை மணி நேரம் சார்ஜ் போடுங்கள்.

கேள்வி: இரண்டு வருடம் ஓடிய எலெக்ட்ரிக் டர்ட் பைக் விலைக்கு வருகிறது. பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், ஓசூர்

பதில்: முதலில், கம்பெனி இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் ஆல்ட்டா மோட்டார்ஸ் நல்ல மோட்டோகிராஸ் பைக் செய்தது; 2018 அக்டோபரில் மூடிவிட்டார்கள். வாங்கியவர்கள் பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் பழைய வண்டிகளைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பெட்ரோல் வண்டியின் பிஸ்டனை லேத்தில் கொடுத்தாவது சமாளிக்கலாம். கன்ட்ரோலர் சாஃப்ட்வேருக்கு அந்த வழி கிடையாது.

அடுத்து, பாதி சார்ஜில் ஒரு மேட்டில் முழு த்ராட்டில் கொடுத்து வோல்ட்டைக் கவனியுங்கள். 60 வோல்ட் பேட்டரி 5–6 வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் செல்கள் களைத்துவிட்டன. பிஎம்எஸ் ஆப் இருந்தால், ஓட்டி ஒரு மணி நேரம் ஆறிய பிறகு செல்களுக்குள் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 0.03 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.1 என்றால் ஏதோ ஒரு செல் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டி எங்காவது உப்பியிருந்தால் அதோடு திரும்பிவிடுங்கள்.

உறுதியான சோதனை, பிளக்கில் மாட்டும் எனர்ஜி மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வண்டியைக் கிட்டத்தட்ட காலியாகும் வரை ஓட்டச் சொல்லி, அந்த மீட்டர் வழியாக முழுதும் சார்ஜ் போடச் சொல்லுங்கள். சார்ஜரில் வீணாவது எட்டில் ஒரு பங்கு என்று கொண்டால், புதிய 2.4 யூனிட் பேட்டரிக்கு மீட்டர் 2.7 காட்ட வேண்டும். 1.9 காட்டினால் பேட்டரியில் உண்மையாக ஏறியது 1.7 யூனிட், அதாவது புதியதில் எழுபது சதவீதம். அப்படி இருந்தால் புது பேட்டரி விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். விற்பவர் இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வண்டியை வாங்காதீர்கள்.